திங்கட்கிழமை ஒத்திகை

(உலக எய்ட்ஸ் தினத்தை ஒட்டி எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் நடத்திய கூட்டத்தில் பேசியது. கேட்ட நண்பர்கள் சிலர் எழுதித் தரச் சொன்னதால் எழுதியிருக்கிறேன்.)

இந்த நிகழ்ச்சிக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, டூட்டி முடிந்த கையோடு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. என்ற எய்ட்ஸ் கிருமிக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து நேரே மேடைக்கு வந்திருக்கும் மருத்துவர் அவர்களே, எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருநங்கைத் தோழியரே, எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்க மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அம்மாவுக்கு இன்று இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இருந்தும் "கடைசி வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டார்கள். பதவியில் இருப்பவர்கள் மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற காலத்தில் இது பெரிய மரியாதை, அதற்கு எங்கள் எல்லோருடைய நன்றி. பூட்டியே கிடந்த மேல்மாடியைத் திறந்து வாசகர் வட்டத்துக்குக் கொடுத்தவர் நூலக அலுவலர். அவருக்கும் நன்றி.

நான் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் 'தனிமரம் தோப்பாகாது' என்று எப்போதும் எழுதியிருக்கும். என்னிடம் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அதைத்தான் பேசப்போகிறேன்.

மூன்று விஷயங்கள். ஒன்று, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் தன்பாலீர்ப்பு ஆண்கள் தொடங்கிய ஒரு சேர்ந்திசைக் குழுவின் கதை. இரண்டு, எய்ட்ஸ் அந்தக் குழுவை என்ன செய்தது என்பது. மூன்றாவது, 1986-இல் நம் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்ன வரலாறு.

முதலில் குழு. 1978-ஆம் வருடம். ஜான் சிம்ஸ் என்று ஒருவர். கான்சாஸ் மாநிலத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர். என்னுடைய ஜாதி என்று சொல்லிக்கொள்ளலாம், வாத்தியார் ஜாதி! அந்த வருடம் முதலில் ஒரு பேண்டு வாத்தியக் குழு தொடங்கினார். அப்புறம் பாடுவதற்கென்று ஒரு குழு. அக்டோபர் 30, திங்கட்கிழமை சாயங்காலம் முதல் ஒத்திகை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் வந்தார்கள். தாங்கள் யார் என்பதைக் குழுவின் பெயரிலேயே போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு அது விளையாட்டான காரியம் இல்லை. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் அரசுப் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்க்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு வைத்திருந்த நேரம் அது. நவம்பர் 7-இல் ஓட்டு எண்ணினார்கள், அந்தத் தீர்மானம் தோற்றது. அதைத் தோற்கடிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்களில் முக்கியமானவர் ஹார்வி மில்க்.

இந்த மில்க் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தெருவில் கேமராக் கடை வைத்திருந்தவர். தேர்தலில் நின்று நின்று தோற்று, 1977-இல் ஜெயித்து, 1978 ஜனவரியில் நகர மன்றத்துக்குப் போனார். நம் ஊர்க் கவுன்சிலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு கலிபோர்னியாவில் ஓட்டு வாங்கி ஜெயித்த முதல் ஆள். பொது இடத்தில் நாய் அசுத்தம் செய்தால் வளர்த்தவரே அள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவரும் இவர்தான். வார்டு உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

நவம்பர் 27. திங்கட்கிழமை காலை. டான் ஒயிட் என்பவரும் அதே மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். ராஜினாமா செய்துவிட்டு, பதவியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் உலோகச் சோதனைக் கருவி இருக்கிறது, இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது. அதனால் கீழ்த்தள ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து உள்ளே போனார். மேயர் ஜார்ஜ் மொஸ்கோனியை அவருடைய அறையிலேயே சுட்டார். துப்பாக்கியில் மறுபடி குண்டுகளைப் போட்டுக்கொண்டு, கட்டடத்தின் மறுபக்கம் நடந்துபோய் மில்க்கைச் சுட்டார். மன்றத்தின் தலைவராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைன் அம்மையார்தான் தாழ்வாரத்துக்கு வந்து, கூடியிருந்த பத்திரிகைக்காரர்களிடம் இருவரும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தியைச் சொன்னார்.

அன்று ராத்திரி என்ன நடந்தது? கலவரம் வெடிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஜனங்கள் காஸ்ட்ரோவில் கூடினார்கள். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. ஆயிரம், பத்தாயிரம் என்று சேர்ந்து, மார்க்கெட் தெரு வழியாக நகர மன்றத்தை நோக்கி நடந்தார்கள். கூச்சல் கிடையாது, கோஷம் கிடையாது.

அன்றைக்கு என்ன கிழமை? திங்கட்கிழமை. நம் குழுவுக்கு ஒத்திகை நாள். முதல் ஒத்திகையிலிருந்து எண்ணினால் அது ஐந்தாவது திங்கட்கிழமை! இன்னும் ஒரு கச்சேரி செய்யவில்லை. ஒரு மேடை ஏறவில்லை. பக்கத்தில் நிற்பவன் பெயர்கூடச் சிலருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. அவர்கள் போய் நகர மன்றத்துப் படிக்கட்டில் நின்றார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சனின் பக்திப் பாடல் ஒன்றைப் பாடினார்கள். ஆண்டவரே, நீரே எங்கள் அடைக்கலம் என்ற பொருளில் வரும் பாடல். தேவாலயம் அவர்களில் பலரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனாலும் துக்கம் வந்தபோது அவர்கள் வாயில் வந்தது தேவாலயப் பாட்டு. அதுதான் அந்தக் குழு பொதுமக்கள் முன்னால் பாடிய முதல் பாட்டு.

பாட்டு வாத்தியாராக ஒன்று சொல்கிறேன். இப்படி நான்கு குரலாகப் பிரித்துப் பாடுகிற பாட்டைத் திறந்த வெளியில் பாடுவது கஷ்டம். சுவர் இல்லை, எதிரொலி இல்லை. உங்கள் சுருதியைப் பக்கத்து ஆளின் தொண்டையிலிருந்துதான் நீங்கள் எடுக்க வேண்டும். அவன் விட்டால் நீங்களும் விட்டீர்கள். தனிமரம் தோப்பாகாது என்று நான் சும்மா சொல்லவில்லை. அந்தப் படிக்கட்டில் எவ்வளவு நல்ல பாடகனாக இருந்தாலும், தனி ஆளாக நின்று பாடியிருந்தால் அந்தக் கூட்டத்துக்குக் கேட்டே இருக்காது.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன்.

1981 ஜூன் மாதம் இந்தக் குழு கடனை உடனை வாங்கி நாடு சுற்றக் கிளம்பியது. டல்லாஸ், டெட்ராய்ட், நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் என்று ஒன்பது நகரங்கள். அவர்கள் பாடிவிட்டுப் போன ஊர்களில் அப்புறம் இதுபோன்ற குழுக்கள் முளைத்தன, முன்பே இருந்தவையும் வளர்ந்தன. அதே ஜூன் மாதம் 5-ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்திர அறிக்கையில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் அதுவரை ஆரோக்கியமாக இருந்த ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியாக் காய்ச்சல், இருவர் இறந்துவிட்டார்கள் என்று. அந்த நோய்க்கு அப்போது பெயர்கூட இல்லை.

குழுவைத் தொடங்கிய ஜான் சிம்ஸ் 1984 ஜூலையில் எய்ட்ஸால் இறந்தார். வயது 37. என்ன கிருமி என்று ரத்தத்தில் பார்க்கும் சோதனையே 1985-இல்தான் வந்தது. முதல் மருந்து 1987-இல் வந்தது, அதுவும் கொஞ்ச நாளுக்குத்தான் தாங்கும். அந்த நாட்டின் ஜனாதிபதி எய்ட்ஸைப் பற்றியே ஒரு முழு உரை நிகழ்த்தியது 1987 மே மாதக் கடைசியில். அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேரை அந்த நாடு புதைத்துவிட்டது. நோயாளியைத் தொடவே பயந்த காலத்தில், 1983-லேயே சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 5பி என்று ஒரு வார்டு திறந்து, கையுறை மாட்டாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் செவிலியர்கள். நம்பிக்கை மையத்துத் தங்கைகள் இருப்பதால் இதைச் சொல்கிறேன். நீங்கள் அவர்கள் வழியில் வந்தவர்கள்.

இப்போது குழுவை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் குழுவில் குரல் நான்கு வகையாக நிற்கும். உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை முதல் டெனார், இரண்டாம் டெனார், பாரிட்டோன், பாஸ். வாரா வாரம் திங்கட்கிழமை எல்லோரும் அவரவர் இடத்தில் உட்காருவார்கள். ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லை என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் மனதில் என்ன ஓடியிருக்கும்? பாஸ் பகுதியில் பாதிப்பேர் போய்விட்டால் பாட்டின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும், புது ஆளைச் சேர்த்து அதே பாட்டை முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். கச்சேரி பாடிய குழு, தன் ஆட்களின் இரங்கல் கூட்டங்களில் பாடும் குழுவாகவும் ஆனது. எத்தனையோ குடும்பங்கள் பத்திரிகையில் 'நீண்ட நாள் நோய்' என்று போட்டு முடித்துக்கொண்டன. சில பெற்றோர் சாவுக்கே வரவில்லை. குழுதான் வந்தது.

இறந்துபோன பாடகர்களுக்கு அந்தக் குழுவில் ஓர் இடம் உண்டு. நான்கு குரல் பகுதிகளுக்கு அடுத்தபடியாக அவர்களை 'ஐந்தாம் பகுதி' என்று அழைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் 300-க்கும் மேற்பட்ட பெயர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள இதுபோன்ற இன்னொரு குழுவும் 150 பேருக்கு மேல் இழந்தது.

1993-இல் 'சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்' பத்திரிகையின் புகைப்படக்காரர் எரிக் லூஸ் ஒரு படம் எடுத்தார். மேடையில் முழுக் குழுவும் வரிசை வரிசையாக நிற்கிறது. 115 பேர் கறுப்பு உடையில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வெறும் பிடரிகள், தோள்கள். அவர்களுக்கு நடுவே அங்கொருவர் இங்கொருவராக 7 பேர் வெள்ளை உடையில் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். முதலில் சேர்ந்தவர்களில் மிஞ்சியவர்கள் அந்த ஏழு பேர். முதுகு காட்டுபவர்கள் போனவர்களுக்காக நிற்கிறார்கள். ஆனால் முதுகு காட்டும் அந்த 115 பேரும் அன்றைக்கு உயிரோடு இருந்த பாடகர்கள், பின்னால் வந்து சேர்ந்தவர்கள்! இவ்வளவு சாவைப் பார்த்த பிறகும் அந்தக் குழுவில் வந்து சேர ஆள் இருந்தது. இந்தப் படத்தைக் காட்டுகிறவர்கள் எல்லோரும் ஏழு பேரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த 115 பேரும் முக்கியம்.

1996-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது, சாவு குறைந்தது. 1998 ஆகஸ்டில் அந்த ஊரின் 'பே ஏரியா ரிப்போர்ட்டர்' பத்திரிகை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது, இந்த வாரம் எய்ட்ஸ் மரண அறிவிப்பு ஒன்றும் வரவில்லை என்று. அதுவே தலைப்புச் செய்தி! குழு இன்றைக்கும் இருக்கிறது.

எப்படி நிலைத்தது? என் கட்சி இதுதான். ஒத்திகை நின்றிருந்தால் குழு போயிருக்கும். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் கதவு திறந்திருந்தது. யார் செத்தாலும் அடுத்த திங்கட்கிழமை வந்து நிற்க ஓர் இடம் இருந்தது. ஆறுதல் சொல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை, பாடினால் போதும்.

நம்மிடம் இது இல்லாமல் இல்லை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, சங்கீதம் படிக்காத பிள்ளைகளை நிற்கவைத்துப் பாரதியைப் பல குரலில் பாடவைத்தார். அந்த மனிதரின் வேலையைச் சென்னையோடு விட்டுவிட்டோம். சின்ன ஊர்களில் சேர்ந்து பாட வேண்டும் என்றால் பஜனைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தேவாலயத்துக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் போக முடியாதவர்கள், போனாலும் உட்கார முடியாதவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். இதே ஊரில் ஓர் இடத்தில் நாங்கள் பத்துப் பேர் பாடிப் பழகக் கேட்டோம். சரி என்றார்கள். எங்களோடு இரண்டு திருநங்கைகள் வருவதைப் பார்த்ததும் மறுநாள் சாவி கிடைக்கவில்லை என்றார்கள். அது எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு பெண்களின் முகம் அன்று எப்படிச் சுருங்கியது என்பதை நான் மறக்கப்போவதும் இல்லை.

ஆகவே தலைவர் அம்மா அவர்களே, உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள நகராட்சிச் சமுதாயக் கூடம் முகூர்த்த நாள் தவிர மற்ற நாள் சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கிறது. வாரத்தில் ஒரே ஒரு சாயங்காலம், ஆறிலிருந்து எட்டு வரை, வாடகை இல்லாமல் திறந்து கொடுங்கள். மின்கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். ஒரே நிபந்தனை, உள்ளே வருகிறவரிடம் ஜாதி கேட்கக் கூடாது, ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்கக் கூடாது. மாத்திரையை வாங்கிக்கொண்டு முகத்தை மூடியபடி பஸ் ஏறுகிறவர்களை மருத்துவர் தினமும் பார்க்கிறார். மருந்து அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது. அதற்கு மேல் மனிதனுக்குச் சேர்க்கை வேண்டும். தனிமரம் தோப்பாகாது.

மூன்றாவதாக, சுனிதி சாலமன் அம்மையார். நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு அடுத்துப் பேசப்போகும் மருத்துவர் அதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கூடத்துக்கான மனுவை எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். இதுவரை 212 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போகும்போது நீங்களும் போடுங்கள், செல்போன் நம்பர் எழுத வேண்டிய அவசியம் இல்லை. தலைவர் அம்மாவிடம் ஒரு பிரதியை இப்போதே மேடையில் கொடுக்கிறேன், இன்னொன்று கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறது. பாடத் தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம், பாஸ் குரலுக்குத்தான் எனக்கு ஆள் பற்றவில்லை. நன்றி, வணக்கம்.