நடவு நடும் கை எங்கே இருக்கிறது?

அவைக்கு வணக்கம். தாய்மார்களே, இன்று காலை திருவையாற்றைத் தாண்டி வரும்போது வழியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு அம்மாவின் கையையே பார்த்து நின்றேன். இடது கையில் நாற்று முடி. வலது கை அதிலிருந்து மூன்று நான்கு நாற்றைப் பிரித்து, கட்டைவிரலால் வேரை அணைத்து, சேற்றில் இறக்கிவிட்டு மேலே வருகிறது. கண் கையைப் பார்க்கவே இல்லை. பக்கத்து ஆளோடு பேச்சு வேறு. ஆனாலும் ஆழம் பிசகவில்லை.

அந்தக் கையை ஆட்டுவிப்பது தலைக்குள் இருக்கிறது. 1870இல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளை மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார்கள். மூளையின் ஒரு பக்கத்தில் தொட்டால் உடம்பின் மறுபக்கத்துக் கால் அசைந்தது. பிறகு மான்ட்ரியலில் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளிடம் இதைச் செய்து, மூளையில் எந்த உறுப்புக்கு எந்த இடம் என்று வரைபடமே போட்டுவிட்டார். முதுகுக்கும் தொடைக்கும் அதில் கொஞ்சம் இடம்தான். விரலுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் ஏராளம். தவிலும் நாகஸ்வரமும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் என்ன!

பெருமூளையின் கட்டளை, மூளையின் அடித்தண்டான முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறி, தண்டுவடம் வழியே தசைக்குப் போகிறது. சேறு ஓரிடத்தில் இறுகியிருந்தால் கை உடனே அழுத்தத்தைக் கூட்டுகிறதே, அந்தத் திருத்தம் சிறுமூளையின் வேலை. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். நரம்பணுக்களிலோ பாதிக்கு மேல் அங்கேதான். மூளையின் அடியாழத்தில் இன்னும் சில நரம்பு முடிச்சுகள் உண்டு. வாய்க்கால் தலைப்பில் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஷட்டரை இறக்கி வைத்திருப்பது போல, வேண்டாத அசைவுகளை அவை அடைத்து வைக்கின்றன. வேண்டியதை மட்டும் திறந்துவிடுகின்றன. அதற்கு டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். அது வற்றினால் ஷட்டர் தூக்க வராது. எழுந்தவருக்கு முதல் அடி வராது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிவைத்த நோய் அதுதான்.

இவ்வளவும் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் மருத்துவம் படிக்கப் போகும் முன்பு, ஒரு நாள் காலையில் என் பெரியப்பா காபி டம்ளரை எடுத்தார், நழுவி விழுந்தது. வலது கை துவண்டது, வாய் கோணியது, பேச்சு குழறியது. வாயுப்பிடிப்பு என்று நல்லெண்ணெய் காய்ச்சி, பொழுது சாயும்வரை கையை நீவிக்கொண்டிருந்தோம். கையில் ஒரு கோளாறும் இல்லை. இடப்பக்க மூளைக்கு ரத்தம் போகவில்லை. பக்கவாதம் அது. அன்று நீவிய கை இது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஆகவே கை துவண்டால் கையைப் பிடிக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளையின் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு பலன். வாயில் தண்ணீரோ கஷாயமோ ஊற்ற வேண்டாம், புரை ஏறிவிடும். கிளம்பும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே கேட்பார்கள்: “கடைசியா எத்தனை மணிக்கும்மா நல்லா இருந்தாரு?”