உடையாத அரிசி வேணும்னா நெல் அவிக்கிற பெண்கள்கிட்ட போங்க

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவுல உள்ளூர் அரிசின்னாலே கல்லு கெடக்கும், நொய்யா இருக்கும், ஒரு வாடை அடிக்கும்னு சொல்லிட்டு இறக்குமதி மூட்டைய தூக்கிட்டு போறவங்கள பாத்திருப்பீங்க, உடனே எல்லாரும் மில்லைத்தான் திட்டுறாங்க, இல்லன்னா விதைய. புழுங்கல் அரிசில பாதி விஷயம் நெல்லு மில்லுக்குப் போறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுதுங்க. அங்க பெனின், கானா, நைஜீரியான்னு பல நாட்டுல அந்த அவிக்கிற வேலைய பெரும்பாலும் பெண்கள்தான் செய்யறாங்க.

அந்த வாடை எப்படி வருது? பச்சைத்தண்ணில ரெண்டு மூணு நாள் ஊறினா நெல்லு புளிச்சுடும். முதல்ல அலசி, மிதக்கிற பதரை அள்ளி எறிஞ்சிட்டு, 60லேருந்து 70 டிகிரி சூட்டுத் தண்ணில போட்டு மூடி வச்சா ஒரே ராத்திரில ஊறிடும். அதுக்கு மேல சூடு போனா உமி வெடிச்சு மாவு தண்ணில கரையும்.

அவிக்கும்போது பானைல தண்ணி ஊத்தி அதுமேலயே நெல்லைக் கொட்டினா அடியில குழைஞ்சிடும், மேல வேகாது, அந்த வேகாத நெல்லுதான் நடுவுல வெள்ளையா, அதாவது வெள்ளை வயிறோட, மில்லுல உடையுது. ஓட்டை போட்ட தட்டு ஒண்ணை தண்ணிக்கு மேல நிக்கற மாதிரி வச்சா ஆவி மட்டும் ஏறும், உமி லேசா வாய் பிளந்ததும் இறக்கிடலாம். உள்ளூர் வெல்டரே செஞ்சு குடுத்துடுவாரு.

நான் ரொம்ப கவலைப்படறது காயவைக்கிறதைப் பத்திதான். ரோட்டுல கொட்டினா கல்லு சேராம என்ன செய்யும், தார்ப்பாய் கட்டாயம் வேணும். ஈரம் 18 சதவீதம் வர்ற வரைக்கும் வெயில் பரவால்ல, அப்பப்ப கிண்டி விடணும். அதுக்கப்புறம் சில மணி நேரம் குவிச்சு மூடி வச்சு, பிறகு நிழல்ல 14க்கு கொண்டு வரணும், ஏன்னா 16க்குக் கீழ வேகமா காஞ்சா உள்ள விரிசல் விழும், கண்ணுக்கே தெரியாது, மில்லுல போட்டதும் நொய்யா கொட்டும்.

இவ்வளவு பாடுபட்டும் வியாபாரி நல்லதுக்கும் மட்டத்துக்கும் ஒரே விலை குடுத்தா எந்தம்மா நிழல்ல காத்துட்டிருப்பாங்க? தரம் பிரிச்சு விலை குடுங்க. ஈரம் பாக்கற மீட்டரை ஆபீஸ் அலமாரில பூட்டாம அந்தப் பெண்கள் குழு கையில குடுங்க, பயிற்சிக்கு வீட்டு ஆம்பளைங்கள மட்டும் கூப்பிட்டு அனுப்பறத இந்த சீசன்லயே நிறுத்துங்க.