ஷேம் என்றால் வெட்கம் மட்டும்தானா? டர்பனில் கேட்ட ஒரு சொல்

[திரையில்: வீட்டு வாசற்படி, கேட் வரை உருண்டு கிடக்கும் தக்காளிகள்]

வணக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன். போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, இங்கே சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் கால் இடறி உட்கார்ந்துவிட்டாள். பெரிய அடி இல்லை, ஆனால் கையில் இருந்த பை கிழிந்து தக்காளி எல்லாம் கேட் வரைக்கும் உருண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடி வந்து, தக்காளியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் உடுப்பிலேயே துடைத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே, "ஷேம், ஷேம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. உள்ளே வந்ததும் என்னிடம் கேட்டாள்: "விழுந்ததுக்கு நான் ஏன்டா வெட்கப்படணும்? அந்தம்மா ஏன் அப்படிச் சொல்றாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த வீடியோ.

[திரையில்: ஷேம்]

இந்தச் சொல்லை நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஜட்டி போடாமல் ஓடுகிற குழந்தையைப் பிடித்து "ஷேம் ஷேம் பப்பி ஷேம்" என்று சொல்லாத வீடு எது? அதனால் ஷேம் என்றால் மூடி மறைக்க வேண்டிய விஷயம் என்று அப்போதே மனதில் பதிந்துவிடுகிறது. அது தப்பும் இல்லை. இது பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கிற சொல். ஜெர்மனில் இதன் உறவுக்காரச் சொல் ஷாம், இங்கே தென்னாப்பிரிக்காவில் பேசும் ஆப்ரிகான்ஸ் மொழியில் ஸ்காம். இவற்றுக்கெல்லாம் ஆதியான வேருக்கு 'மூடு' என்பதே பொருளாக இருந்திருக்கலாம் என்று மொழியியலாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அவமானம் வந்தால் முகத்தைக் கையால் மூடிக்கொள்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள்.

சரி, தமிழில் இதற்கு நேர்ச்சொல் என்ன? அகராதி 'வெட்கம்' என்று சொல்லும், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நிற்கும்போது வருவதும் வெட்கம்தான், கடன் கொடுத்தவர் தெருவில் நின்று கத்தும்போது வருவதும் வெட்கம்தான். ஆங்கிலத்தில் முதலாவது ஷைனஸ், இரண்டாவதுதான் ஷேம். மேடையில் பேசக் கூச்சமாக இருக்கிறது என்பதற்கு 'எனக்கு ஷேமாக இருக்கிறது' என்று நம்மவர்கள் பலர் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிற வெள்ளைக்காரருக்கு இவர் ஏதோ தப்பு செய்துவிட்டார் போல என்று தோன்றும். இந்த இரண்டும் வேறு வேறு என்பதைத் திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்: தகாத செயலுக்காக நாணுவது ஒன்று, பெண்களின் இயல்பான நாணம் வேறொன்று.

[திரையில்: எம்பாரஸ்மென்ட், ஹ்யூமிலியேஷன், டிஸ்கிரேஸ், கில்ட்]

இந்த நான்கையும் ஷேமுக்கு மாற்றுச் சொற்கள் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க முடியாது.

எம்பாரஸ்மென்ட் சின்ன விஷயம். டீச்சரை வாய் தவறி 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டால் வருகிற சங்கடம், நாலு நாளில் மறந்துவிடும். ஹ்யூமிலியேஷனுக்கு இன்னொரு ஆள் வேண்டும், நாலு பேர் முன்னால் ஒருவர் உங்களை மட்டம் தட்டினால்தான் அது, நம் 'அவமானப்படுத்துவது' இதற்கு நன்றாகப் பொருந்தும். டிஸ்கிரேஸ் என்றால் ஊர் பார்வையில் பெயர் கெடுவது, தலைகுனிவு. கில்ட்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாருமே பார்க்காத ஒரு தப்பைச் செய்திருக்கிறீர்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை, அதுதான் கில்ட், குற்ற உணர்வு. 'நான் செய்தது தப்பு' என்பது கில்ட், 'நானே மட்டமான ஆள்' என்று மனம் குன்றிப்போனால் ஷேம். பிள்ளைகளைத் திட்டும்போது இந்த வேறுபாடு தெரிந்திருப்பது ரொம்ப நல்லது.

இடையில் இன்னொன்று. ஷேம்ஃபேஸ்ட் என்று ஒரு சொல் உண்டு, வெட்கம் முகத்தில் தெரிபவர் என்று அர்த்தம். ஆனால் அது முதலில் ஷேம்ஃபாஸ்ட், அதாவது வெட்கத்தால் கட்டுண்டவர். உள்ளே இருந்த ஃபாஸ்ட் என்பதன் பழைய பொருள் மறந்துபோகவும், ஜனங்கள் அதை 'ஃபேஸ்' ஆக்கிவிட்டார்கள். முகம் அந்தச் சொல்லுக்குள் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

[திரையில்: வாட் அ ஷேம்]

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். 'ஷேம் ஆன் யூ' என்றால் திட்டு, 'உனக்கு வெட்கமாக இல்லையா' என்று அர்த்தம். 'வாட் அ ஷேம்' என்றால் திட்டே இல்லை. கிங்ஸ்மீட் மைதானத்தில் மழை பெய்து மேட்ச் நின்றுபோனால் பக்கத்தில் இருப்பவர் இதைத்தான் சொல்வார். அடடா, இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம். இந்த இடத்தில் ஷேமுக்கு மாற்றுச் சொல் டிஸ்கிரேஸ் இல்லை, பிட்டி, 'வாட் அ பிட்டி' என்பார்களே, அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது பெரும்பாலும் நடந்த காரியத்தைப் பற்றிய பேச்சு.

தென்னாப்பிரிக்காவில் அதே சொல் ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டது. காய்ச்சல் என்று சொன்னால் ஷேம். வேலை போய்விட்டது என்றாலும், நாய் நொண்டினாலும் ஷேம். ஆப்ரிகான்ஸ்காரர்கள் 'ஆஹ் ஷேம்' என்று இழுப்பார்கள், ஜூலு பேசுபவர்களும் பேச்சுக்கு நடுவே 'ஷெம்' என்று போட்டுக்கொள்வார்கள். இன்னும் ஒரு படி மேலே, பிறந்த குழந்தை கொட்டாவி விட்டால்கூட இங்கே ஷேம்தான். அங்கே இரக்கப்பட ஒன்றுமே இல்லை, சின்ன உயிரைப் பார்த்து மனம் இளகுகிறது, அவ்வளவுதான். நாம் 'அச்சோ' என்று சொல்வோமே, அடிபட்டவரைப் பார்த்தும் சொல்வோம், பொக்கை வாய்ச் சிரிப்பைப் பார்த்தும் சொல்வோம், அதே மாதிரி.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. "பாவம்னு சொல்றாங்கம்மா" என்றேன். உடனே புரிந்துவிட்டது.

[திரையில்: பாவம்]

சொல்லிவிட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. பாவம் என்றால் என்ன? புண்ணியத்துக்கு எதிர்ச்சொல், செய்யக்கூடாத காரியம். அந்தச் சொல்லைத்தான் நாம் அடிபட்டவரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறோம், 'பாவம் பார்த்து விட்டுட்டேன்' என்கிறோம். தமிழ் தெரியாதவர் அகராதியை வைத்துக்கொண்டு கேட்டால், விழுந்தவளைப் பாவி என்று திட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார். அம்மாவுக்கு ஷேம் எப்படிக் கேட்டதோ அப்படியேதான் அவருக்குப் பாவம் கேட்கும். பழியைக் குறித்த இரண்டு சொற்கள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், இரக்கத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. இதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் ஆன்ட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். அவருடைய குடும்பம் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் வழி. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு முதல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது, அதற்குப் பிறகு 1911 வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. ஆன்ட்டிக்கு இன்று தமிழில் ஒரு முழு வாக்கியம் வராது. நான் 'பாவம்' என்று சொன்னதும் கையைப் பிடித்து நிறுத்தினார். "என் ஆயா அதைத்தான் சொல்லுவா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் இரண்டு மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். போன வாரம் போனில் பேசும்போது, ஆன்ட்டிக்கு முட்டிவலி, படி ஏற முடியவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அம்மா சொன்னாள்: "ஷேம்."