சேஃப்டி வேறு, செக்யூரிட்டி வேறு

(ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு வார விழாவில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். முடித்துவிடுகிறேன்.

இந்த விழாவின் அழைப்பிதழ் வீட்டில் மேசைமேல் கிடந்தது. 'தேசிய பாதுகாப்பு நாள், மார்ச் 4' என்று படித்த என் மகள், "அப்பா, பீரங்கியெல்லாம் வருமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. டெல்லியில் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய கவலை எல்லை, உளவு, ஊடுருவல். உங்களுடைய கவலை ஹெல்மெட், கையுறை, பாய்லர் வால்வு. ஆங்கிலத்தில் அது செக்யூரிட்டி, இது சேஃப்டி. தமிழில் இரண்டுமே பாதுகாப்பு.

உணவு விஷயத்தில் கூத்து இன்னும் அதிகம். 2006-இல் ஒரு சட்டம், 2013-இல் ஒரு சட்டம். முன்னதன் பெயரில் சேஃப்டி, பின்னதன் பெயரில் செக்யூரிட்டி. தமிழில் எழுதினால் இரண்டிலும் 'உணவுப் பாதுகாப்பு'தான். ஓட்டல் சமையலறைக்குள் நுழைந்து, கெட்டுப்போன கோழிக்கறியைக் குப்பையில் கொட்டவைக்கிற அதிகாரி முதல் சட்டத்தின் ஆள். ரேஷன் தானியத்தைச் சட்டப்படி உரிமையாக்கியது இரண்டாவது. தட்டில் இருக்கிற சோறு உடம்புக்கு ஆகுமா என்று ஒன்று பார்க்கிறது; தட்டில் சோறு இருக்கிறதா என்று மற்றது பார்க்கிறது. செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்தால் எது என்று தெரியாது.

சரி, வித்தியாசத்தை எப்படிப் பிடிப்பது? நான் கேட்டுக்கொள்கிற கேள்வி, 'எதிரே ஆள் இருக்கிறானா?' என்பதுதான். எண்ணெய் சிந்திய தரைக்கும் கசிகிற கேஸுக்கும் நம்மேல் பகை கிடையாது. அவற்றிடமிருந்து தப்புவது சேஃப்டி. செம்புக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போகிறவனுக்கும் பாஸ்வேர்டைத் திருடுகிறவனுக்கும் திட்டம் உண்டு. அவர்களைத் தடுப்பது செக்யூரிட்டி.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் உதவாது. ரேஷன் அரிசி விஷயத்தில் எதிரே எந்த ஆள் நிற்கிறான்? அங்கே வேர்ச்சொல்லைத்தான் பார்க்க வேண்டும். லத்தீனில் 'செக்யூருஸ்' என்றால் கவலையற்றவன். நாளைச் சோற்றுக்குக் கவலை இல்லை, அதனால் செக்யூரிட்டி. கடனுக்கு ஈடாக வைக்கிற வீட்டுக்கும் அதே பெயர்தான். கவலை இல்லாதவர் கடன் கொடுத்தவர், நாம் அல்ல! சேஃப் என்பதற்கு மூலம் 'சால்வுஸ்'. சேதமில்லாமல், முழுசாக என்று பொருள்.

நம்மிடமும் ஒரு வேடிக்கை உண்டு. "பத்திரமாப் போயிட்டு வா" என்றால் சேஃப்டி. கடன் பத்திரம் என்றால் செக்யூரிட்டி. இது தற்செயல்தான். நலத்தைக் குறிக்கும் வடசொல் ஒன்று, இலையையும் ஏட்டையும் குறிக்கும் வடசொல் வேறொன்று. தமிழுக்கு வந்ததும் இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன.

இரண்டும் சும்மா வேறாக மட்டும் இருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். சில இடங்களில் ஒன்றையொன்று கழுத்தைப் பிடிக்கின்றன. பெரும்பாலும் ஒரு கதவில்.

நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ரவிக்கைத் தொழிற்சாலை. 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில் பிடித்த தீ மேலே ஏறியது. ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் துணி எதையும் எடுத்துப் போகாமல், ஒரே வழியாகப் போய்ப் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பதற்கான பூட்டு அது. செக்யூரிட்டி கச்சிதம். 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்த இளம்பெண்கள். பலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, கடத்தல்காரன் நுழைய முடியாதபடி விமானிகளின் அறைக் கதவை உடைக்க முடியாததாக்கினார்கள். 2015 மார்ச் 24 அன்று, பார்சிலோனாவிலிருந்து டஸல்டார்ஃப் போன விமானத்தில் தலைமை விமானி அறையைவிட்டு வெளியே வந்த நேரத்தில், துணை விமானி உள்ளே தாழிட்டுக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். வெளியே நின்றவர் தட்டியும் இடித்தும் பார்த்தார். கதவு அசையவில்லை. 150 பேர்.

அப்புறம், இன்னொரு கதவு. நான் உள்ளே வரும்போதே பார்த்தேன். இந்த அரங்கத்துக்குப் பக்கவாட்டில், 'அவசர வழி' என்று பச்சை எழுத்தில் பளிச்சென்று எழுதிய கதவு. அதில் என் கையளவு பூட்டு தொங்குகிறது. சாவி யாரிடம் என்று கேட்டேன். செக்யூரிட்டியிடம் என்றார்கள். செக்யூரிட்டி எங்கே என்றேன். சாப்பிடப் போயிருக்கிறாராம்.

யாராவது போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மீதியை அவர் வந்த பிறகு பேசுகிறேன்.