ஒட்டே இல்லாத கிலுகிலுப்பை: வளையம் உள்ளே எப்படிப் போனது?

(திரையில்: உள்ளங்கையில் ஒரு மரக் கிலுகிலுப்பை. ஆட்டும்போது இரண்டு வளையங்கள் தண்டில் ஓடுகின்றன.)

வணக்கம் உறவுகளே! இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் மெல்லிய தண்டு, தண்டில் இரண்டு மர வளையங்கள். வளையத்தின் துளை 26 மில்லிமீற்றர். குமிழின் அகலம் 40 மில்லிமீற்றர். எந்தப் பக்கத்தாலும் வளையத்தைக் கழற்ற முடியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வெட்டோ பசையோ தெரியாது. அப்படியென்றால் வளையம் உள்ளே எப்படிப் போனது? வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் விடையைக் கமெண்டில் எழுதுங்க. எழுதிவிட்டு வாங்க.

சரி. இதைச் செய்வது கடைச்சல் மெசினில். வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: கி.மு. 300 அளவில் எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், ஒருவர் பட்டியை இழுத்து மரத்தைச் சுழற்ற, மற்றவர் அதைக் கடைகிற காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்குப் பட்டி இழுப்பவருடைய வேலையை மோட்டார் செய்கிறது. அவ்வளவுதான் வரலாறு.

நம்முடைய மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தளபாடப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கட்டில் கால், கதிரைக் கால், படிக்கட்டுக் கைபிடித் தூண் என்று கடைந்து கொடுக்கிறார்கள். அறுத்து மிச்சமாகிற ஒரு சாண் துண்டுகள் அடுப்புக்குப் போகின்றன. நல்ல முற்றிய மரம், உறவுகளே! இந்தக் கிலுகிலுப்பைக்கு அந்த ஒரு சாண் தாராளமாகப் போதும்.

ஏறாவூரில் ஒரு பட்டறையில் இதைக் கடைந்து கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "நானா, இந்த வளையத்த எப்பிடி உள்ளுக்குப் போட்டீங்க?"

"போடல்ல தம்பி. அது அங்கதான் இருந்திச்சி. சுத்தி இருந்த மரத்தத்தான் எடுத்தன்."

விடை இதுதான். வளையம், தண்டு, குமிழ் எல்லாமே ஒரே கட்டை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்குகிற கல் சங்கிலியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியது. அங்கே சிற்பி கண்ணிகளைக் கோக்கவில்லை, இடையில் இருந்த கல்லை மட்டும் எடுத்தார். அந்த யோசனைதான் இங்கே மரத்தில் நடக்கிறது. ஒரு வித்தியாசம், கல்லில் ஒரு தட்டுத் தவறினால் பல மாத உழைப்பு போய்விடும். மரத்தில் வளையம் உடைந்தால் அடுத்த துண்டை எடுத்து மாட்டலாம். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்கள் பயப்படாமல் இதில் கை வைக்கலாம் என்கிறேன்.

(திரையில்: மெசினில் சுழலும் கட்டை, மிக அருகில்.)

இப்போது கவனமாகப் பாருங்க, வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கட்டையை இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டி 40 மில்லிமீற்றர் உருளையாகக் கடைந்தாயிற்று. வளையம் வரவேண்டிய இடத்தில் 10 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு பட்டை விட்டு, அதன் இரு பக்கமும் ஒடுங்கிய உளியால் பள்ளம் இறக்குகிறார். பிறகு பட்டையின் மேற்பக்கத்தை அரைவட்டமாக உருட்டுகிறார். இங்கே ஒரு நிமிடம்! சாண்ட் பேப்பர் போடுவது இப்போதுதான். வளையம் விடுபட்ட பிறகு வெளிப்பக்கத்தை இவ்வளவு ஒழுங்காகத் தேய்க்க முடியாது.

அப்புறம் வருகிறது கொக்கி உளி. இது கடையில் வாங்கியது இல்லை. பழைய அலன் கீயின் (ஆறுமூலைத் துளை உள்ள ஆணியைக் கழற்றுகிற, L மாதிரி வளைந்த இரும்புக் கம்பி) குட்டைப் பக்கத்தைக் கல்லில் பிடித்துத் தீட்டி, நீளப் பக்கத்துக்கு ஒரு மரப்பிடி போட்டிருக்கிறார். அந்தக் கொக்கி வலது பக்கத்திலிருந்து பட்டையின் அடியில் பாதி தூரம் நுழைகிறது. பிறகு இடது பக்கத்திலிருந்து மீதிப் பாதி. இரண்டு வெட்டும் அடியில் சந்திக்கிற இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. காதால் கேட்க வேண்டும். இதோ, சத்தத்தைக் கூட்டி வையுங்க.

(திரையில்: பேச்சு இல்லை. சீரான "ஸ்ஸ்ஸ்" சத்தம், ஒரு "டிக்", பிறகு "டகடகடக".)

கேட்டீங்களா? அந்த "டிக்"கோடு வளையம் பிறந்துவிட்டது. உடனே மெசினை நிறுத்திவிடுகிறார்.

ஆனால் வளையத்தின் உள்பக்கம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது. விரலும் நுழையாத இடத்தை எப்படித் தேய்ப்பது? சாண்ட் பேப்பரின் முள் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தண்டில் சுற்றி டேப் ஒட்டி, மெசினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, வளையத்தைப் பிடித்து அதன்மேல் மெதுவாகச் சாய்க்கிறார். தண்டு சுழலச் சுழல உள்பக்கம் தேய்ந்து வழுவழுப்பாகிறது. இதைக் கண்டுபிடித்த கைக்கு ஒரு கும்பிடு! கடைசியில் வளையங்களை ஓரமாக ஒதுக்கி டேப்பால் ஒட்டிவிட்டு, நடுத்தண்டை 14 மில்லிமீற்றர் வரை இறக்கினால் வேலை முடிந்தது.

பாதுகாப்பு: தொங்கும் சட்டைக் கை, சங்கிலி, கையுறை எதுவும் வேண்டாம், முகமூடிக் கண்ணாடி கட்டாயம்.

அடுத்தது, எந்த மரம்? இந்த வளையத்தில் மரத்தின் நார் வட்டத்தைச் சுற்றி ஓடவில்லை, குறுக்கே போகிறது. அதனால் எந்த இடத்திலும் உடையலாம். நார் நேராக ஓடி எளிதாகப் பிளக்கிற மரம் சரிவராது. என்னுடைய தெரிவு புளி. இறைச்சிக்கடைக்காரர் வெட்டுக்கட்டைக்குப் புளியை எடுப்பது சும்மா இல்லை. அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கத்திக்கே லேசில் பிளக்காது.

முதிரையின் மினுமினுப்பைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். அழகுப் பொருள் செய்யுங்க, குழந்தை வாயில் வைக்கிற பொருளுக்கு வேண்டாம். வேம்போ கசக்கும், குழந்தை அடுத்த முறை அதைத் தொடாது.

குழந்தைக்கு என்றால் அளவும் முக்கியம். கிலுகிலுப்பைக்கு அமெரிக்காவில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: 35க்கு 50 மில்லிமீற்றர் முட்டை வடிவத் துளை, ஆழம் 30 மில்லிமீற்றர். கிலுகிலுப்பையின் எந்த முனையும் அந்த ஆழம் முழுக்க உள்ளே போகக் கூடாது, போனால் குழந்தையின் தொண்டைக்கு ஆபத்து. நம்முடைய 40 மில்லிமீற்றர் குமிழ் அதற்குள் நுழையாது. வளையத்தைக் கையால் நன்றாக நெரித்துப் பாருங்க, சின்னக் கீறல் தெரிந்தாலும் அதைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க. பூச்சுக்குத் தேன்மெழுகு போதும். தேங்காய் எண்ணெய் தடவினால் அது காயாது, பிசுபிசுக்கும்.

இன்னொரு பரிசுப் பொருளையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை: தலைகீழாகிற பம்பரம். பந்து போன்ற உடம்பு, மேலே குடைந்து ஒரு குட்டைத் தண்டு. விரலால் சுழற்றிவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகக் கவிழ்ந்து தண்டில் நின்று சுழலும்! எடையின் மையம் பந்தின் மையத்துக்குக் கீழே இருப்பதும், தரையில் வழுக்கும்போது வருகிற உராய்வும் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன. உடம்பு மேலே எழும்பத் தேவையான சக்தி சுழற்சியிலிருந்து போகிறது, அதனால் கவிழ்ந்த பிறகு வேகம் குறைகிறது. ஜெர்மனியில் ஹெலன் ஸ்பெர்ல் என்ற பெண் 1891இல் இப்படியொரு பம்பரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போரும் வூல்ஃப்காங் பவுலியும் குனிந்து நின்று இதை வேடிக்கை பார்க்கிற புகைப்படம் இருக்கிறது, தேடிப் பாருங்க.

அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் வெளிநாட்டுக்காரர் கையில் எடுத்து ரசிக்கிற மாதிரி, பையில் வைத்தாலும் பாரம் தெரியாத பொருட்கள் இவை. எங்கோ அச்சில் வார்த்த சாவிக்கொத்தை விற்கிற மேசையில், இந்த மண்ணின் புளியங்கட்டையில் கடைந்த பொருளுக்கும் இடம் கேட்கிறேன். பட்டறை வைத்திருக்கிற உறவுகள் எந்த ஊர் என்று கமெண்டில் சொல்லுங்க, வந்து படம் எடுக்கிறேன்.

பச்சைப் புளி கிடைத்தவர்கள் இன்றைக்கே துண்டாக்கி, இரண்டு முனைக்கும் மெழுகோ பழைய பெயின்றோ பூசி நிழலில் அடுக்கி வையுங்க. சும்மா போட்டால் கச்சான் காற்றுக்கு முனையிலிருந்து வெடித்துவிடும். அது காய்வதற்குள் பம்பர வீடியோ வந்துவிடும்.