ஒரு வேலிக்குள் கொஞ்சம் இடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

‘நிர்வாண வாழ்முறைக்குச் சமூகத்தில் இடமுண்டு’ என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரி இரண்டு கேள்விகளை வைத்துவிட்டுப் போனார். இரண்டும் நெஞ்சில் தைத்தன. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று, தோள்சீலைப் போராட்டம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்றார்கள். அந்தப் பெண்கள் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டு நின்றார்கள், பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 இல்தான் மன்னரின் அனுமதி வந்தது. யாழ்ப்பாணத்திலும் சாதியின் பேரால் மேற்சட்டை மறுக்கப்பட்டது. “அப்படிப் பெற்ற துணியையா கழற்றச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

மற்றது, 1983 ஜூலை, இதே கொழும்பில் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்கள். பொரளை பஸ் நிலையத்தருகே ஒரு தமிழரை நிர்வாணமாக்கி, சுற்றி நின்று சிரித்தார்கள். அந்தக் காட்சி புகைப்படமாக இன்றும் இருக்கிறது. “அந்தப் படம் எடுக்கப்பட்ட ஊரில் நின்றா இதைப் பேசுகிறீர்கள்?” என்றார்.

சகோதரி, அந்தப் படத்தை என்னாலும் தொடர்ந்து பார்க்க முடிவதில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நடந்தது என்ன? ஒருவர் உடம்பில் துணி இருக்கலாமா கூடாதா என்பதை வேறொருவன் முடிவு செய்தான். திருவிதாங்கூர்ப் பெண் அந்த முடிவைத்தான் தன் கைக்குக் கேட்டாள். நானும் அதையேதான் கேட்கிறேன். உடுத்துவது என் உரிமை என்றால், கழற்றுவது மட்டும் எப்படி ஊரின் உரிமையாகும்?

சரி, எங்கே கழற்றுவது? காலிமுகத்திடலில் இடம் கேட்கவில்லை. அங்கே பிள்ளை குட்டிகளோடு வருகிறவர்களுக்கும் உரிமை உண்டு. பொது இடத்தில் நிர்வாணம் நம் சட்டப்படி குற்றம். அதை மீறுங்கள் என்று யாரையும் தூண்டவும் மாட்டேன். நான் கேட்பது வேலி போட்ட ஓர் இடம், விரும்பி வரும் பெரியவர்களுக்கு மட்டும். நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும். அதே ஆள் வெற்று மேலோடு காலி வீதி வங்கியில் போய் நின்றால்? உடம்பு ஒன்றுதான், இடம்தான் வேறு. கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு நின்ற நம் அம்மம்மாமாரை யார் குறை சொன்னார்கள்?

‘மேல்நாட்டு நோய்’ என்றும் ஒரு சொல் வந்தது. கர்நாடகத்துச் சிரவணபெளகொளவில் சமணத் துறவி கோமதேசுவரர் 57 அடி உயரச் சிலையாக ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஆடையின்றி நிற்கிறார். அது துறவு, நான் பேசுவது வாழ்முறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடையற்ற உடம்பைக் கும்பிடவும் தெரிந்த மண் இது.

அடுத்து, ‘இது காமம்தானே’ என்கிறார்கள். இந்த வாழ்முறைக்கு ‘இயற்கைவாதம்’ என்றும் பெயர். 1974 இல் சர்வதேச இயற்கைவாதக் கூட்டமைப்பு இதற்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. கூடியிருக்கும் நிர்வாணம், அதன் நோக்கம் தன்மதிப்பு, பிறர்மீது மதிப்பு, சூழல்மீது மதிப்பு. ஜேர்மனியில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கென்று சங்கங்கள் உண்டு. சொந்தத் துவாயை விரித்துத்தான் உட்கார வேண்டும், படம் எடுக்கக்கூடாது, முறைத்துப் பார்ப்பது அநாகரிகம். உடுப்பு போட்டுக்கொண்டு நாம் ஏறும் பஸ்ஸில் நம் பெண்களுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறதா?

பேர்லினில் இருக்கும் என் மச்சாள் ஒரு ஏரிக்கரையில் கண்டதைச் சொன்னாள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஒரு மார்பு இல்லை. அக்குள் வரைக்கும் இழுத்துத் தைத்த தழும்பு. துவாயில் உட்கார்ந்து, அப்பிள் வெட்டிப் பேரப்பிள்ளைக்கு ஒவ்வொரு துண்டாக நீட்டிக்கொண்டிருந்தாராம். பிள்ளையின் கண் அப்பிளிலேயே இருந்ததாம். பக்கத்தில் வயிற்றில் ஒபரேஷன் தழும்போடு ஒரு கிழவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாராம். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடுவர் அவர்களே, என் அம்மாவுக்கும் மார்பில் அதே சத்திரசிகிச்சைதான் நடந்தது. ஆறு வருடமாகிறது. வீட்டு நிலைக்கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அக்காவுக்குக்கூட அந்தத் தழும்பைக் காட்டியதில்லை. குளியலறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் இன்றைக்கும் குளிக்கிறார். வெளியே நிற்கும் எனக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும்.

நன்றி, வணக்கம்.