கதவுப் பலகையில் ஒரு மலை ரயில்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குச் செங்கோட்டையில் மோட்டார் வைண்டிங் கடை. கிணற்று மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் என்று எது எரிந்துபோனாலும் கம்பி சுற்றிக் கொடுப்பேன். கடைக்கு மேலே மச்சில் ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் வானொலி நிலையத்தார் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் மாதிரி ரயில் பாதை போட ஆசைப்படுகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல வேண்டுமாம்.

மச்சுக்கு ஏறி வருகிறவர்கள் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, இஞ்சின் எங்க வாங்குனீங்க, எவ்வளவு ஆச்சு?” என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் வாங்கியதே இஞ்சின். இரண்டு வருஷம் அது டப்பாவிலேயே கிடந்தது.

நான் பிறந்து வளர்ந்தது ஆரியங்காவில். அப்பா அங்கே ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதினார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். 1904-இல் திறந்த மீட்டர் கேஜ் பாதை, அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் உள்ள பாதை, எங்கள் ஊர் வழியாகத்தான் மலை ஏறி இறங்கியது. ஏற்றத்தில் முன்னால் ஒரு இஞ்சின் இழுக்கும், பின்னால் ஒரு இஞ்சின் தள்ளும். கொல்லம் மெயில் போகும்போது இரண்டு இஞ்சினும் மாறி மாறி மூச்சு விடுகிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். 2010-இல் பாதையை அகலமாக்க ரயிலை நிறுத்தினார்கள். புனலூர் வரை முழுதாகத் திரும்ப ஓடியது 2018-இல். நடுவில் இருந்த அந்த அமைதியான வருஷங்களில்தான், ரயில் இல்லாவிட்டால் நாமே ஒன்று ஓட்டினால் என்ன என்று தோன்றியது.

செங்கோட்டை முதல் புனலூர் வரை முழு மலைப்பாதையையும் ஒரே பலகையில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது என் திட்டம். எட்டடிக்கு நாலடி பிளைவுட் வாங்கி, பென்சிலால் கோடும் போட்டுவிட்டேன். அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். நிஜப் பாதை சுமார் 49 கிலோமீட்டர். உலகத்தில் அதிகம் புழங்குகிற மாதிரி ரயில் அளவுக்கு எச்ஓ என்று பெயர். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 49 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், அரை கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. என் மச்சு பதினாறு அடி.

சரி, முழுப் பாதை வேண்டாம், ஏற்றமாவது இருக்கட்டும் என்று பார்த்தேன். ஒரு தண்டவாளம் இன்னொன்றின் மேலே தாண்டிப் போக, எச்ஓ அளவில் ஏழரை சென்டிமீட்டராவது உயர வேண்டும். சின்ன இஞ்சின் வழுக்காமல் ஏற, நூறு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் ஏற்றம் வைத்தால் பத்திரம். அப்படியானால் ஏற மூன்றே முக்கால் மீட்டர், இறங்க இன்னொரு மூன்றே முக்கால், ஆக ஏழரை மீட்டர். அந்தப் பலகையின் ஓரத்தைச் சுற்றிப் பாதை போட்டாலே ஐந்தரை மீட்டர் சொச்சம்தான் கிடைக்கும். எனக்குப் பொறுமை இல்லை. ஏற்றத்தைச் செங்குத்தாக்கினேன். இஞ்சின் பாதி வழியில் நின்று, சக்கரம் மட்டும் சுற்றியது. பின்னால் தள்ள இன்னொரு இஞ்சின் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு இஞ்சின் நடுத்தரமான ஒரு செல்போன் விலை. வீட்டில் சொல்லவே இல்லை.

அதனால் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊர் முழுவதையும் எடுக்காதீர்கள், ஒரே ஒரு இடத்தை எடுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு ஸ்டேஷன், ஒரு கேட், ஒரு பாலம் போதும். கழுதுருட்டிப் பக்கம் கொல்லம் ரோட்டில் போனவர்கள் அந்தப் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். பதின்மூன்று கண்ணும் வைக்கவில்லை, ஐந்து வைத்தேன். வருகிறவர்கள் விரல் விட்டு எண்ணி, “பதிமூணுல்லா? இங்க அஞ்சுதான இருக்கு?” என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். கல் வளைவும் பின்னால் மரங்களும் தெரிந்துவிட்டால் இது எந்தப் பாலம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இடத்தை முடிவு செய்தால் அளவு தானாக முடிவாகும். எச்ஓவில் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் அகலத்துக்குச் சரியான கணக்கு. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் பத்தொன்பதுக்கு மேல் வருகிறது. நம் ஊர்ப் பெட்டியை அந்தத் தண்டவாளத்தில் வைத்தால் கொஞ்சம் ஒடுங்கித்தான் தெரியும். மீட்டர் கேஜ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு 12 மில்லிமீட்டர் பாதை உண்டு, ஆனால் சாமான் கிடைப்பது கஷ்டம். இந்த ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கெடுத்துக்கொள்வதில்லை.

இதைவிடச் சின்னது, ஆங்கில எழுத்து ‘N’ பெயரில் உள்ள அளவு, 160-இல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மில்லிமீட்டர். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த நம் பயணிகள் பெட்டி எச்ஓவில் இருபத்துநாலரை சென்டிமீட்டர் நீளம் வரும். இதில் பதின்மூன்று சொச்சம்தான். வளைவும் சிறிதாகப் போடலாம். எச்ஓ வளைவுக்கு நாலடி அகலப் பலகை வேண்டும். நாலடிப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தக் கோடியில் பெட்டி கவிழும்போது கை எட்டாது. கவிழ்வது எப்போதும் அந்தக் கோடியில்தான். ‘N’ அளவுக்கு இரண்டரை அடி அகலம் போதும். இந்த அளவில் நம் ஊர் வண்டிகள் அவ்வளவு ஆயத்தமாகக் கிடைக்காது, வெளிநாட்டு இஞ்சினுக்கு நாமே பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். அந்தக் குறை ஒன்று உண்டு.

இரண்டரை அடி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கதவு. வீடு இடிக்கிற இடத்தில் ஒரு பழைய ஃபிளஷ் டோர் கிடைத்தது. ஆறரை அடி நீளம், நேராக, கோணல் இல்லாமல் இருந்தது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும். குற்றாலத்துக்கு அது சீசன், பலகைக்கு அது கஷ்டகாலம். சாதா பிளைவுட் ஈரத்தை இழுத்து ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். மேலே ஒட்டியிருக்கிற தண்டவாளம் என்ன செய்யும்? பாம்பு மாதிரி நெளியும். அதனால் கதவானாலும் பலகையானாலும் அடிப்பக்கம், விளிம்பு, துளை போட்ட இடம் எல்லாவற்றிலும் முதலில் பெயின்ட் அடித்துவிடுங்கள். மேல் பக்கம் மட்டும் அடித்தால் வளைந்துவிடும். தண்டவாள இணைப்புகளில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். நிஜ ரயில்பாதையில் வெயிலுக்காக விடுவதை நாம் சாரலுக்காக விடுகிறோம்.

இனி தண்டவாளம். பொழுதில் பாதியை இதற்கே கொடுங்கள். நான் முதலில் ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பித்தளைத் தண்டவாளம் வாங்கினேன். இரண்டு மழைக்குள் களிம்பு பிடித்தது. பித்தளைக் களிம்பு மின்சாரத்தை விடாது. இரும்பு என்றால் துரு. வாங்கினால் நிக்கல் சில்வர் வாங்குங்கள். அதில் வெள்ளி கிடையாது, நம் பாத்திரக்கடையில் ஜெர்மன் சில்வர் என்பார்களே, அதேதான். செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்தது. பித்தளை மாதிரி சீக்கிரம் களிம்பு பிடிக்காது. துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அடுத்த அழுக்கு அந்தக் கீறலில்தான் போய் உட்காரும்.

பாதையைப் பதித்ததும் இஞ்சினை எடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலைத் தண்டவாளத்தின் மேல் மெதுவாக ஓட்டுங்கள், முக்கியமாக இணைப்புகளில். விரலில் ஏதாவது இடறினால் சக்கரத்துக்கும் இடறும். அங்கே சின்ன அரத்தால் ஒரு இழுப்பு. அப்புறம் ஒரு காலிப் பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டு நாலு சுற்று போங்கள். பெட்டி எங்கே குலுங்குகிறதோ அங்கே நாளைக்கு வண்டி கவிழும்.

மின்சாரம் என் தொழில் என்பதால் நீட்டிவிடுவேன், சுருக்கிக்கொள்கிறேன். இந்த இஞ்சின்கள் 12 வோல்ட் டிசியில் ஓடும். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். மாற்றிக் கொடுத்தால் இஞ்சின் பின்னால் ஓடும். வீட்டு 230 வோல்ட்டை எந்த வடிவிலும் பலகைப் பக்கம் கொண்டுவராதீர்கள். நல்ல 12 வோல்ட் அடாப்டர், வேகத்தைக் குறைத்துக் கூட்டும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, நடுவில் ஒரு ஃபியூஸ். தொடங்க இது போதும். கணினிச் சமிக்ஞையில் ஒவ்வொரு இஞ்சினையும் தனித்தனியாக ஓட்டும் டிசிசி முறை உண்டு, அழகானதுதான். இரண்டாவது இஞ்சின் வாங்கும்போது யோசித்துக்கொள்ளலாம்.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு, ஒரே இடத்தில் ஒயரை இணைத்துவிட்டு, மிச்சத்தை இணைப்புத் தகடுகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. தகடு நாளாவட்டத்தில் தளரும். வண்டி கிட்டே வேகமாகவும் தூரத்தில் தள்ளாடியும் போகும். பலகைக்கு அடியில் இரண்டு தடித்த ஒயரை நீளவாக்கில் ஓட்டுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு தடவை மெல்லிய ஒயரை மேலே கொண்டுபோய்த் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் ஈயம் வைத்துவிடுங்கள். பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு என்று நிறம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதையிலிருந்து பிரிந்து போன கிளை வளைந்து, எதிர்த்திசையில் திரும்பி, அதே பாதையில் வந்து சேர்கிற மாதிரி முதல் பலகையில் போடாதீர்கள். அங்கே இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். வைண்டிங் கடைக்காரன் நானே அப்படிப் போட்டு ஃபியூஸை எரித்தேன். வெளியே யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும்.

மலை, மரம் இவற்றுக்குக் காசு செலவே வேண்டாம். தெர்மாகோலை அடுக்கி, பழைய பேப்பரை ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினால் மலை. முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டைக் கிழித்துப் பச்சைப் பெயின்ட்டில் முக்கினால் காடு. குடித்த தேயிலைத்தூள் தரைச் சருகுக்கு அசலாக இருக்கும். நன்றாகக் காய வைக்காவிட்டால் பூஞ்சைக் காடாகிவிடும். ஜல்லிக்கு எம்-சாண்டை மாவுச் சல்லடையில் சலித்தேன். சலித்ததும் ஒரு காந்தத்தைப் போட்டு இழுங்கள். எனக்கு ஒரு டம்ளர் மணலில் கறுப்பாக ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த இரும்புத் துகள் இஞ்சின் மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. மணலைத் தூவி, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சொட்டு மருந்துக் குப்பியால் விட வேண்டும். பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு சேருங்கள். இல்லையென்றால் மணல் மேலே பசை முத்து முத்தாக நிற்கும், உள்ளே இறங்காது.

சுரங்கம் வைத்தால் அதன் மேல் மலையைக் கழற்றி எடுக்கிற மாதிரி வையுங்கள். நான் ஒட்டிவிட்டேன். போன வருஷம் ஒரு நாள் உள்ளே போன வண்டி வெளியே வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்டவாளத்தின் நடுவில் இரண்டு பல்லி முட்டை. எடுக்க மனசு வரவில்லை. குஞ்சு பொரித்துப் போகட்டும் என்று வாரக்கணக்கில் வண்டியை ஓட்டவில்லை. மச்சுக்குத் துணி காயப்போட வந்த வீட்டுக்காரி கேட்டாள், “என்ன, இங்கயும் கேஜ் மாத்துறாங்களா?”

நன்றி, வணக்கம்.